ஓன் ரிக்வெஸ்டில் ஊருக்கு வந்தவரும் பதில் போடாத கடிதமும்

கேள்வி: நான் ரயில்வேயில் முதுநிலை எழுத்தர். மகாராஷ்டிரத்தில் உள்ள ஒரு கோட்டத்தில் 12 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மாமியாரின் உடல்நிலையையும் பிள்ளைகளின் படிப்பையும் முன்னிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் 'ஓன் ரிக்வெஸ்ட்' எனப்படும் விருப்ப இடமாறுதலில் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோட்டத்துக்கு வந்தேன். சீனியாரிட்டி பட்டியலில் என்னைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். என்னைவிட ஆறு ஆண்டுகள் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எனக்குக் கண்காணிப்பாளர். எல்லோர் முன்னிலையிலும் கோப்புகளை மேசையில் எறிகிறார். "அங்கே இப்படித்தான் வேலை பார்த்தீர்களா" என்று கேட்கிறார். மனம் வெறுத்து மூன்று வாரமாக அலுவலகம் போகவில்லை. தனியார் மருத்துவரின் சான்றிதழை அனுப்பியிருக்கிறேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அவருக்குப் பதில் எழுதுவதே அவமானம் என்று விட்டுவிட்டேன். சீனியாரிட்டிக்காக வழக்குப் போடலாமா? பழைய இடத்துக்கே திரும்பலாமா? பாலியல் துன்புறுத்தல் புகார் கொடு என்கிறார் ஒரு தோழி. ராஜினாமா செய்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: ஆறு பக்கக் கடிதத்தில் ஐந்தரைப் பக்கம் கண்காணிப்பாளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் உங்கள் நிலையைத் தீர்மானிப்பது அவர் அல்லர். நீங்கள் இணைத்து அனுப்பியிருக்கும் இடமாறுதல் விண்ணப்பத்தின் அடியில் இருக்கும் உங்கள் கையெழுத்து. அதற்கு மேலே உள்ள உறுதிமொழியை மறுபடி படியுங்கள். புதிய கோட்டத்தில் கடைசி சீனியாரிட்டியை ஏற்கிறேன், இடமாறுதல் படி கோரமாட்டேன், பழைய கோட்டத்துக்குத் திரும்ப அனுப்பக் கேட்கமாட்டேன் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். விருப்ப இடமாறுதலில் வருபவர் புதிய பிரிவில் அதே நிலையில் உள்ள அனைவருக்கும் கீழே வைக்கப்படுவார் என்பது ரயில்வே பணியமைப்புக் கையேட்டின் 312ஆம் பத்தி. சொந்த வேண்டுகோளின்பேரில் மாறுதல் பெற்று வருபவரால் அங்கு ஏற்கெனவே இருப்பவர்களின் பதவி உயர்வு வாய்ப்பு பாதிக்கப்படக் கூடாது என்ற இந்த அடிப்படையை உச்ச நீதிமன்றம் கே.பி. சுதாகரன் வழக்கில், 2006இல், ஐயத்துக்கு இடமின்றி ஏற்றிருக்கிறது. எனவே சீனியாரிட்டிக்கு வழக்கு இல்லை. இருந்திருந்தாலும், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு இருந்த ஓராண்டுக் கெடு கடந்துவிட்டது. இனிமேல் புதிதாக ஒரு மனு கொடுத்து அதற்கு வரும் பதிலை வைத்துக் காலக்கெடுவை உயிர்ப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், சி. ஜேக்கப் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் இழந்தது சீனியாரிட்டியை மட்டுமே. 12 ஆண்டு சேவையை அன்று. இந்த வேறுபாட்டை அலுவலகத்தில் பலரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரேணு மல்லிக் வழக்கிலும் (1994), சி.என். பொன்னப்பன் வழக்கிலும் (1996) உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பட்டியலில் கடைசியில் வைக்கலாம், ஆனால் பதவி உயர்வுக்கோ துறைத் தேர்வுக்கோ இத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விதி கேட்கும்போது, பழைய இடத்தில் செய்த சேவையைக் கழித்துவிட்டு எண்ணக் கூடாது. அதேபோல பதவி உயர்வு இல்லாமலே 10, 20, 30 ஆண்டுகளில் கிடைக்கும் எம்ஏசிபி என்ற ஊதிய உயர்வுக்கும் விருப்ப இடமாறுதலில் வந்தவரின் முந்தைய சேவை சேர்த்தே கணக்கிடப்படும். இவற்றில் எதையாவது மறுத்தால் வாருங்கள். அதில் வழக்கு உண்டு, வெற்றியும் உண்டு.

பழைய கோட்டத்துக்குத் திரும்புவது பயன் தராது. உறுதிமொழியை மீறிக் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்தாலும் அங்கேயும் கடைசி இடம்தான் கிடைக்கும், விட்டு வந்த இடம் காத்துக்கொண்டிருக்காது. இன்னொரு ஊழியருடன் இடம் மாற்றிக்கொள்ளும் பரஸ்பர மாறுதலிலும் இருவருடைய சீனியாரிட்டியில் எது கீழோ அதுதான் கிடைக்கும். அதாவது உங்களுடைய இப்போதைய கடைசி இடம். இன்னொரு கோட்டத்துக்குப் புதிதாக விண்ணப்பித்தால் இந்த இரண்டு ஆண்டில் உங்களுக்குக் கீழே சேர்ந்திருக்கும் நான்கைந்து பேரையும் இழந்து மறுபடி அடியிலிருந்து தொடங்குவீர்கள். திருநெல்வேலியும் நாகர்கோவிலும் பக்கத்து ஊர்கள்தாம்; ரயில்வே கணக்கில் முன்னது மதுரை கோட்டம், பின்னது திருவனந்தபுரம் கோட்டம். ஊர் பக்கம் என்று பார்த்து விண்ணப்பம் போட்டுவிட்டு, எல்லை கடந்ததால் சீனியாரிட்டி போயிற்றே என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்காணிப்பாளர் கோப்புகளை எறிவதும் குத்திப் பேசுவதும் அநாகரிகம். அதற்குத் தனியாக ஒரு சட்டமும் இல்லை, தீர்ப்பாயம் அதற்காக எந்த உத்தரவும் போடாது. தோழி சொன்ன புகாருக்கான 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அச்சட்டம் பாலியல் தன்மை கொண்ட நடத்தைக்கு உரியது. அதன்படி உள்ளகக் குழுவிடம் பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். உங்கள் ஆறு பக்கத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. இல்லாததை ஏற்றி எழுதினால், தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்ததாக உங்கள்மீதே நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்க அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும், நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் புகாரின் நகல் அனுப்பும் யோசனையையும் கைவிடுங்கள். பணி விவகாரத்தில் வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவது நடத்தை விதிகளின்படி குற்றம்; சிபாரிசுக் கடிதம் உங்கள் கோப்பிலேயே வந்து உட்காரும்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் இரண்டே வரியில் சொல்லிக் கடந்த விஷயம் அது: மூன்று வாரமாகப் போகவில்லை, கடிதத்துக்குப் பதில் போடவில்லை. மேலதிகாரியின் கொடுமையால் வேலை இழந்தவர் என்று என்னிடம் வந்தவர்களில் யாருமே கொடுமையால் வேலை இழக்கவில்லை. கொடுமையைச் சாக்காக வைத்து வீட்டில் உட்கார்ந்ததால் இழந்தார்கள். அலுவலகத்தில் உங்களுக்கு எதிராக இதுவரை ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. நீங்கள் வராமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவேட்டில் ஒரு சாட்சியாக ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கண்காணிப்பாளர் எதையும் புனைய வேண்டியதில்லை.

தனியார் மருத்துவரின் சான்றிதழ் விடுப்பு அனுமதி ஆகாது. உடல்நிலை காரணமாக இருந்தவர் பணிக்குத் திரும்ப ரயில்வே மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். அலுவலகத்துக்குப் போனால் "ஃபிட் வாங்கி வாருங்கள்" என்பார்கள். ரயில்வே மருத்துவமனைக்குப் போனால் "அலுவலகக் கடிதம் கொண்டுவாருங்கள்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மனம் சோர்ந்து வீட்டுக்குத் திரும்பியவர், தான் பணியில் சேரத் தயாராக வந்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்திருக்க மாட்டார். அந்த நாள்களும் அனுமதியற்ற வருகையின்மைக் கணக்கில் போய்ச் சேரும். ஆகவே எந்த மேசைக்குப் போனாலும், இந்தத் தேதியில் பணியில் சேர வந்தேன், இன்ன சான்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்த கட்டம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது எஸ்.எஃப்.11 என்ற படிவத்தில் வந்தால் சிறு தண்டனை, எஸ்.எஃப்.5 என்ற படிவத்தில் வந்தால் பணிநீக்கம் வரை போகக்கூடிய பெருந்தண்டனை. இரண்டுக்குமே பதில் தரப் பொதுவாக 10 நாள்தான். அந்தக் குறிப்பாணை உங்களுடைய பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும். உங்கள் பணிப் பதிவேட்டில் இருப்பது எந்த முகவரி? மகாராஷ்டிரத்து ரயில்வே குடியிருப்பின் முகவரியாக இருந்தால், தபால்காரர் "இங்கு இல்லை" என்று எழுதித் திருப்பிய உறை கோப்பில் செருகப்படும், விசாரணை நீங்கள் இல்லாமலே முடியும், தண்டனை உத்தரவு கைக்கு வரும்போதுதான் விசாரணை நடந்ததே தெரியவரும். இடமாறுதலில் வந்தவர்கள் புதிய முகவரியை ஹெச்ஆர்எம்எஸ் என்ற இணையவழிப் பணியாளர் பதிவிலும் பணியாளர் பிரிவிலும் எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபிக்காமல் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் சொல்லியிருக்கிறதே என்று யாராவது தைரியம் சொல்லலாம். தீர்ப்பு உண்மை. ஆனால் அது தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து, தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் எல்லாம் ஏறி இறங்கியவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அதை நம்பி வைக்காதீர்கள்.

ராஜினாமாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதப்படும் ராஜினாமாவைப் போல விரைவாக நகரும் கோப்பு அரசு அலுவலகத்தில் வேறில்லை. ஏற்கப்படுவதற்கு முன் திரும்பப் பெறலாம்; ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வந்தபின், கொடுமை தாங்காமல் கொடுத்தேன் என்று நிரூபிப்பது மிகக் கடினம். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் கணக்கில் சேர்ந்த தொகை உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் ராஜினாமா கடந்த சேவை முழுவதையும் அழிக்கும், அதனால் பணிக்கொடை போகும். 20 ஆண்டு சேவை முடித்தவருக்கு விருப்ப ஓய்வு என்ற வாசல் உண்டு; உங்களுக்கு அது இன்னும் திறக்கவில்லை. விருப்ப ஓய்வும் ராஜினாமாவும் ஒன்றல்ல என்பதை 2019 டிசம்பரில் பி.எஸ்.இ.எஸ். யமுனா பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வேறு அரசு வேலைக்குப் போக விரும்பினால் முறைப்படி துறை வழியாக விண்ணப்பித்து, தேர்வான பின் அதைக் குறிப்பிட்டே விலகுங்கள். அப்போது சேவை தொடரும்.

எனவே என் ஆலோசனை, சமாதானமாகப் போங்கள். தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு கோட்டப் பணியாளர் அலுவலரைப் பாருங்கள். கண்காணிப்பாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், குடும்பச் சூழ்நிலையைக் காட்டி, அதே கோட்டத்தில் அதே சீனியாரிட்டி அலகுக்குள் (ஒரே சீனியாரிட்டிப் பட்டியலில் வருபவர்களின் பிரிவு) வேறு பிரிவுக்கோ, வேறு மேசைக்கோ மாற்றித் தருமாறு ஒரே பக்கத்தில் கேளுங்கள். அலகுக்குள் நடக்கும் மாற்றத்தால் சீனியாரிட்டிக்குச் சேதமில்லை. விண்ணப்பத்தில் "சொந்த வேண்டுகோள்" என்ற சொற்கள் வந்தால் அலகு மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். மேலதிகாரியைக் குற்றம் சாட்டும் மனு விசாரணையைத் தொடங்கும், விசாரணை முடியும்வரை யாரையும் அசைக்க மாட்டார்கள்; குற்றச்சாட்டில்லாத மனு பெரும்பாலும் ஒரு குறிப்பில் முடிந்துவிடும். சற்று ஓய்வு வேண்டுமென்றால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகப் பெண் ஊழியர்களுக்கு மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது, அதில் முதல் 365 நாளுக்கு முழு ஊதியம். பிள்ளைகளின் தேர்வு நேரத்தில் கேளுங்கள். ஆனால் முன் அனுமதி பெற்றபின் மட்டுமே போங்கள், உரிமையாக எடுத்துக்கொண்டு போனவர்களும் இதே வருகையின்மைக் குற்றச்சாட்டில்தான் நிற்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வந்திருக்கும் அந்த விளக்கக் கடிதத்துக்கு நாளையே பதில் போடுங்கள். உடல்நலக் குறைவால் வர இயலவில்லை, மருத்துவச் சான்று அனுப்பியுள்ளேன், ரயில்வே மருத்துவரிடம் தகுதிச் சான்று பெற்று இன்ன தேதியில் பணியில் சேர்கிறேன், வராத நாள்களை எனக்குச் சேர வேண்டிய விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டுகிறேன், என் இப்போதைய முகவரி இது. இவ்வளவு போதும். கோப்பு எறிந்தது, கேலி பேசியது, மன உளைச்சல் எதுவும் அதில் வர வேண்டாம். "மனம் வெறுத்து வரவில்லை" என்று எனக்கு எழுதிய அந்த வாக்கியம் அங்கே போனால், வேண்டுமென்றே வரவில்லை என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும்.