இரண்டு வாரக் கழுத்து வலிக்கு 3,000 பவுண்டு கிடைக்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. இரண்டு வாரமாகக் கழுத்து வலி. ஒரு ஏஜென்சி போன் செய்து, எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிடமிருந்து 3,000 பவுண்டு வாங்கித் தருகிறோம் என்கிறது. ஒப்படைக்கலாமா?

இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 3,000 பவுண்டு வேண்டுமென்றால் உங்கள் கழுத்து ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் வலிக்க வேண்டும். அப்படி ஆகக் கூடாது என்றுதான் நீங்களும் வேண்டிக்கொள்வீர்கள்.

2022 அக்டோபரில் எனக்கும் இதே கதைதான். லண்டன் நார்த் சர்க்குலர் ரோட்டில், ஹேங்கர் லேன் பக்கத்து நெரிசலில் நின்றிருந்தேன். பின்னால் வந்த வேன் ‘டொக்’கென்று இடித்தது. பம்பரில் ஒரு கீறல், டிக்கியில் அரிசி மூட்டை சாய்ந்து கிடந்தது, அவ்வளவுதான். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, ஓட்டியவரின் பெயரையும் இன்சூரன்ஸ் விவரத்தையும் வாங்கிக்கொண்டு, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சிரித்துக்கொண்டே கிளம்பினேன். மறுநாள் காலை வாய் கொப்பளிக்கத் தலையை அண்ணாந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விப்லாஷ், அதாவது திடீர் இடியில் தலை முன்னும் பின்னும் உதறிக் கழுத்தில் வரும் வலி, பல நேரங்களில் இப்படிச் சில மணி நேரமோ ஒருநாளோ கழித்துத்தான் தலைகாட்டும். தசையும் தசைநாரும் இழுபட்ட வலி என்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் ஜிபியிடம் (உங்கள் குடும்ப டாக்டர்) போய்ப் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் உங்களுக்கு இருக்கும் சாட்சி அதுதான். கை மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ கிளெய்மை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பணத்துக்கு வருவோம். 2021 மே 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விப்லாஷுக்கு அரசே ரேட் போட்டுவிட்டது. வலி எவ்வளவு கடுமை என்பதைவிட எத்தனை மாதம் நீடித்தது என்பதே கணக்கு. எனக்குப் பொருந்திய பட்டியலில் மூன்று மாதம் வரை 240 பவுண்டு, ஆறு மாதம் வரை 495, ஒன்பது மாதம் வரை 840. அதிகபட்சமாக இரண்டு வருஷ வலிக்கு 4,215. 2025 மே 31 முதல் நடக்கும் விபத்துகளுக்கு இந்தத் தொகைகள் சுமார் 15 சதவீதம் கூடியிருக்கின்றன. (பைக், சைக்கிள் ஓட்டுபவர்களும் நடந்து போகிறவர்களும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.)

ஏஜென்சி சொல்லாமல் விடுவது இன்னொன்று. காயத்தின் மதிப்பு 5,000 பவுண்டைத் தாண்டாத இந்த மாதிரி சின்ன கிளெய்மில் வக்கீல் ஃபீஸை எதிர்த்தரப்பிடம் வாங்க முடியாது. வக்கீலின் பங்கு உங்கள் பணத்திலிருந்துதான் போகும்.

நான் ‘அஃபிஷியல் இஞ்சுரி கிளெய்ம்’ என்ற இணையதளத்தில் நானே பதிந்தேன். இலவசம்தான், ஆனால் ஃபாரம் நீளமானது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. சீட் பெல்ட் போட்டிருந்தீர்களா என்று கேட்பார்கள். போடாதவர்களுக்குத் தொகையில் வெட்டு விழும். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் 30 வேலை நாளுக்குள் தவறு யாருடையது என்று பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒப்புக்கொண்டார்கள், அதனால் மருத்துவ அறிக்கைக்கான செலவும் அவர்களுடையதே. அந்த அறிக்கை இல்லாமல் ‘இவ்வளவு தருகிறோம், முடித்துக்கொள்ளலாம்’ என்று இன்சூரன்ஸ்காரர் பேரம் பேசுவது இப்போது சட்டப்படி தடை.

டாக்டர் பார்த்தது கால் மணி நேரம்கூட இருக்காது. அறிக்கை முதலில் என்னிடம் வந்தது. வலி ஒரு வாரம் கழித்துத் தொடங்கியது என்று எழுதியிருந்தார்! திருத்தச் சொல்லி, திருத்திய பிறகே அனுப்பினேன். அந்த ரோட்டில் வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னதையும் குறித்திருந்தார். அதனால் 495 பவுண்டு 520 ஆனது. என் பயத்தின் விலை 25 பவுண்டு. பிசியோவுக்கும் டாக்ஸிக்கும் ஆன செலவு பட்டியலில் அடங்காது, ரசீது காட்டித் தனியாக வாங்கினேன்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் கணித்திருந்தார். நான்காவது மாதமே ஒப்புக்கொண்டு பணத்தை வாங்கிவிட்டேன். வலி போனதோ எட்டாவது மாதம். ஒருமுறை ஒப்புக்கொண்டால் மறுபடி திறக்க முடியாது; பயத்தையும் சேர்த்த தொகைகளின்படி கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய 375 பவுண்டு போனது போனதுதான். கேஸ் போட விபத்து நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது. கிளெய்மை இப்போதே பதிந்துவிடுங்கள். ஆனால் அறிக்கையில் சொன்ன தேதி கடந்தும் கழுத்து திரும்பவில்லையென்றால், தொகைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இன்னொரு அறிக்கை கேளுங்கள்.