தகுதித் தணிக்கை: பட்டியலில் இல்லாதவரையும் தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சுகாதார உதவித் திட்டங்களில் பயனாளிகளின் தகுதியைச் சரிபார்ப்பது குறித்து ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வாங்கிய 200 பேர் பட்டியலைக் கொடுத்துச் சமூகத் தணிக்கை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கோப்பையும் திறந்து பார்த்தால் போதுமா?
– சுய உதவிக் குழு உறுப்பினர், பெரியபட்டினம்

ப: போதாது. கொடுத்த பட்டியலை மட்டும் பார்த்தால் தகுதியில்லாமல் வாங்கியவர்தான் சிக்குவார். தகுதி இருந்தும் கிடைக்காதவர் அதில் இருக்கவே மாட்டாரே! அதனால் இரண்டு பக்கமிருந்தும் போங்கள். பணம் போன பட்டியலிலிருந்து கோப்புக்கு ஒரு முறை. துணை சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பதிவேட்டிலிருந்து பணப் பட்டியலுக்கு இன்னொரு முறை. இரண்டாவதைத்தான் பலரும் செய்வதில்லை.

கோப்பைத் தொடும் முன் அரசாணையை வாங்கிவிடுங்கள். இந்த உதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று உயர்ந்தது. அந்த 18,000-இல் ரொக்கம் 14,000. மீதி, தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தவணை முறையும் இடையில் மாறியது. பழைய பயனாளியைப் புதிய ஆணையால் அளந்தால் இல்லாத தவறெல்லாம் முளைக்கும். அடிப்படை நிபந்தனைகள் சில: தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்கள், 12 வாரத்துக்குள் பதிவு, ஏழைக் குடும்பம். ஒவ்வொன்றுக்கும் எதைச் சான்றாக ஏற்பீர்கள் என்று தொடங்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஆதார் மட்டும் போதாது. பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் அது வாய்மொழியாகச் சொன்ன ஆண்டை வைத்துப் போட்டதாக இருக்கலாம். பள்ளி மாற்றுச் சான்றையோ பிறப்புச் சான்றையோ கேளுங்கள்.

200 பேரையும் பார்க்க நேரம் இல்லையென்றால் 40 பேரை மாதிரியாக எடுங்கள். 1 முதல் 5 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒரு எண்ணை எடுத்து, அங்கிருந்து ஐந்தாவது ஐந்தாவது பெயராக. சாலையோர வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கடற்கரைக் குடியிருப்பை விட்டுவிடும் வழக்கம் இதனால் ஒழியும். அந்த 40-இல் ஒரு தவறும் இல்லையென்றால் பட்டியலே சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 3/40, அதாவது 7.5 சதவீதம் வரை தவறு ஒளிந்திருக்க இடமுண்டு. 200-இல் அது 15 பேர்.

ஒரே வங்கிக் கணக்கு, ஒரே கைபேசி எண், ஒரே 12 இலக்க ஆர்.சி.எச். எண் (கர்ப்பிணிக்குத் தரும் பதிவு எண்) திரும்ப வருகிற பெயர்களை மாதிரிக்குள் சேர்க்காமல் தனியாக, ஒன்று விடாமல் பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே எண்ணில் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அதற்காக, எண் ஒன்றாக இருந்தாலே மோசடி என்று ஆகிவிடாது. கைபேசி இல்லாத பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு எண்ணையோ பதிவு செய்தவரின் எண்ணையோ போட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் அதிகம் குழப்புவது தலைப்பிரசவம். புகுந்த வீட்டு ஊரில் பதிந்த பெண் ஏழாம் மாதம் தாய் வீட்டுக்குப் போவார். வேறு வட்டாரத்தில் பிரசவம், இரண்டு இடத்துப் பதிவேட்டிலும் பெயர். அதனாலேயே இரட்டைப் பயன் ஆகிவிடாது. ஒரே தவணை இரண்டு முறை போயிருந்தால்தான் தவறு. அடிக்கடி நடப்பது இதற்கு நேர்மாறானது: இந்தச் செவிலியர் அங்கே பார்ப்பார்கள் என்று விட, அந்தச் செவிலியர் இங்கே பார்ப்பார்கள் என்று விட, பிரசவத்துக்குப் பிந்திய தவணை அந்தரத்தில் நிற்கும். பெயரை வைத்து மட்டும் இரட்டைப் பதிவு தேடவும் வேண்டாம். தங்கச்சிமடத்தில் ‘மேரி’ என்றும் கீழக்கரையில் ‘பாத்திமா’ என்றும் தேடினால் பாதி ஊர் வந்து நிற்கும். திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்பு கணவருடையது என்று இன்ஷியல் வேறு மாறும்.

கே: பட்டியலில் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. அந்தப் பெண்ணோ வரவில்லை என்கிறார். யாரை நம்புவது?
– வார்டு உறுப்பினர், தொண்டி

ப: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆதார் வழியாக அனுப்பும் பணம், அவர் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தாரோ அதில் போய் விழும்; விண்ணப்பத்தோடு கொடுத்த பாஸ்புக்கில் வராமல் போகலாம். அவரிடம் உள்ள எல்லாப் பாஸ்புக்குகளிலும் வரவு போடச் சொல்லிப் பாருங்கள். கணக்கு எண்ணுக்கு நேரடியாக அனுப்பியிருந்தால் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் பாருங்கள். பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கியில் சேர்ந்துவிட்டது. பழைய குறியீடு உள்ள பாஸ்புக் நகல் கோப்பில் இருந்தால் பணம் திரும்பியிருக்கக்கூடும். அலுவலகத்திடம் கேட்க வேண்டியது ‘அனுப்பிய பட்டியல்’ அல்ல, ‘வரவான பட்டியலும் திரும்பிய பட்டியலும்’.

கே: முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். விசைப்படகில் போகிறவர் ஒரு நாளில் 900 ரூபாய் பார்க்கிறார். அவர் எப்படித் தகுதியானவர் ஆவார் என்று தணிக்கையில் கேட்கிறார்கள்.
– மீனவர் சங்கப் பொறுப்பாளர், ராமேஸ்வரம்

ப: 900-ஐ 365-ஆல் பெருக்கினால் 3,28,500 வரும். அந்தப் பெருக்கலே தப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மிச்சம் 304 நாள், அதாவது சுமார் 43 வாரம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான் என்றால் கூடிப்போனால் 130 நாள். அதற்கு 1,17,000 ரூபாய், வரம்புக்குள்தான். காற்று எச்சரிக்கை, வேலைநிறுத்த நாட்களை இன்னும் கழிக்கவில்லை. பங்கு முறையில் டீசல், ஐஸ் செலவு போகத்தான் கைக்கு வரும் என்பதால், 900 என்பது கழிவுக்கு முன்னா பின்னா என்றும் கேட்க வேண்டும். அதே சமயம் இது குடும்ப வருமானக் கணக்கு. மனைவி கடற்பாசி எடுக்கப் போனால் அந்த வரவும், மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் அதுவும் சேரும். இதை மறைத்துவிட்டு மீனவருக்கு நியாயம் கேட்பது சரியில்லை.

இன்னொன்றும் உண்டு. வருமானத்தை நிர்ணயிப்பது வருவாய்த் துறை. தணிக்கைக்குப் போகிறவர் சான்றின் எண் இணையத்தில் சரியாக வருகிறதா, தேதி, பெயர், குடும்ப அட்டையோடு பொருத்தம் ஆகியவற்றைப் பார்க்கலாம். தொகையில் ஐயம் என்றால் வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். தானே ஒரு வருமானத்தைப் போட்டு அட்டையை ரத்து செய்யச் சொல்லக் கூடாது.

கே: மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருப்போரிடமும் வருமானச் சான்று கேட்கலாமா?
– தன்னார்வலர், மண்டபம்

ப: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்கு வருமான உச்சவரம்பு இல்லை. முகாம் பதிவைப் பாருங்கள். ‘வருமானச் சான்று இல்லை’ என்று தணிக்கைத் தடை (ஆட்சேபம்) எழுதினால் அது நிற்காது.

கே: பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கலாமா? ஊர் மக்கள் கேட்டால் தரலாமா?
– ஊராட்சித் தலைவர், சாயல்குடி வட்டாரம்

ப: மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ). அதற்காக எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் படித்துவிடக் கூடாது. காசநோயாளிகளுக்கான ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அந்தப் பட்டியலில் பெயர் வந்தாலே நோய் ஊருக்குத் தெரிந்துவிடும். பெண் கேட்டு வருவது நிற்கும், படகில் ஏற்ற மாட்டார்கள். அடுத்த முறை மருந்து வாங்கவே வர மாட்டார். அதில் மொத்த எண்ணிக்கை, தொகை, நிலுவை மட்டும் வாசியுங்கள். பெயரைச் சரிபார்ப்பது மருத்துவ அலுவலர் முன்னிலையில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நடக்கட்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எந்தப் பட்டியலிலும் வெளியே ஒட்டக் கூடாது.