போட்டியில் மட்டும் முரண்டு பிடிக்கும் பெண்குதிரை

பயிற்சியில் 1 மீட்டர் தடையைச் சுலபமாகத் தாண்டும் உங்கள் பெண்குதிரை, போட்டியில் மட்டும் காதை மடக்கி நின்றுவிடுகிறது என்கிறீர்கள். குணமே அப்படித்தான் என்று முடிவு கட்டுமுன் தேதிகளைக் குறித்து வையுங்கள். பெண்குதிரையின் இனப்பெருக்கப் பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் சினைப்பருவம், அதாவது இணை தேடும் நாட்கள். முரண்டு அந்த நாட்களோடு ஒத்துப்போனால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. ஒத்துப்போகவில்லையா? சேண வாரை இறுக்கும்போதே கடிக்க வருகிறதென்றால் என் முதல் சந்தேகம் வயிற்றுப்புண்தான். போட்டிக் குதிரைகளுக்கு அது சகஜம். முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிப்படி, தடையைத் தாண்டாமல் நின்றுவிடும் முதல் மறுப்புக்கு 4 தண்டப்புள்ளி, இரண்டாவதற்கு வெளியேற்றம். அதனால் கொஞ்ச நாள் உயரம் குறைந்த பிரிவில் இறங்குங்கள். அப்புறம், உதைக்குமென்றால் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள், மற்றவர்கள் தள்ளியே போவார்கள்.