குப்பை செக்ஷன்ல இருந்து வந்த கடிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நகராட்சி சுகாதாரப் பிரிவோட ஆபீஸ் வேலையைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், இந்த வாட்டி வந்த கடிதத்துல பாதி அதைப் பத்திதான். அந்த செக்ஷன்ல 20 வருஷத்துக்கு மேல உக்காந்து நோட்டு எழுதுனவன்ங்கறதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளரா ஒரு நகராட்சில சேந்து மூணு மாசம் ஆகுது சார். வருவாய்ப் பிரிவு கிடைக்கும்னு நெனச்சேன், சுகாதாரப் பிரிவுல போட்டுட்டாங்க. "குப்பை செக்ஷனா?"னு சொந்தக்காரங்க கேக்குறப்ப ஒரு மாதிரி இருக்கு. இங்க கத்துக்க என்ன இருக்கு?
(பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: தம்பி, முதல்ல ஒரு வாரம் காலைல அஞ்சரை மணிக்கு மஸ்டர் (பணியாளர் வருகைப் பதிவு) எடுக்குற எடத்துக்குப் போய் சும்மா நில்லுங்க. மேஸ்திரி பேர் வாசிக்கிறது, யாருக்கு எந்த வார்டு, எந்த பேட்டரி வண்டி சார்ஜ் ஏறாம நிக்குது, யாரு கையுறை இல்லாம வந்திருக்காங்கன்னு எல்லாம் அங்க தெரியும். அதைப் பாத்துட்டு பத்து மணிக்கு உங்க சீட்ல உக்காந்தா அதே நோட்டு வேற மாதிரி தெரியும், ஏன்னா அட்டென்டன்ஸ், ட்ரிப் ஷீட் (வண்டி அடிச்ச நடையை எழுதுற தாள்), டீசல் லாக் புக், எடை நோட்டு, புகார் பதிவேடு, சம்பள பில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாமே உங்க டேபிளைத் தாண்டித்தான் போகுது.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஊர்ல ஒப்பந்தத்துல இருந்த ஒரு அம்மா, 58 வயசு முடிஞ்சு நின்னுட்டாங்க. பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பம் போட்டா திரும்பி வருது, திரும்பத் திரும்ப வருது. என்னடான்னு பாத்தா ஆதார்ல பேரு "அம்மாள்"னு முடியுது, பி.எஃப். கணக்குல "அம்மா"னு முடியுது, இங்கிலீஷ்ல கடைசியில ஒரே ஒரு 'எல்' எழுத்து இல்ல. அதோட பொறந்த தேதியும் ரெண்டுலயும் வேற வேற. சேக்கும்போது யாரோ வாய்வழியா கேட்டு டைப் பண்ணிட்டுப் போயிருக்காங்க, நானும் மாசா மாசம் அந்த லிஸ்டை பில்லோட சேத்து வெச்சு அனுப்பியிருக்கேன், ஒரு தடவை கூட ஆதாரோட ஒத்துப் பாக்கல. ஜாயின்ட் டிக்ளரேஷன் (தொழிலாளியும் வேலை குடுத்தவரும் சேந்து குடுக்குற திருத்த மனு) போட்டு சரி பண்ணி பணம் கைக்கு வர 14 மாசம் ஆச்சு. அந்த 14 மாசமும் அந்த அம்மா வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் வாசல்ல வந்து செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு நிப்பாங்க, உள்ள வாங்கன்னாலும் வர மாட்டாங்க. இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மனசு கனமாயிடும்.

அதனால நீங்க முதல் வேலையா பண்ண வேண்டியது, உங்ககிட்ட இருக்குற எல்லா தூய்மைப் பணியாளர் லிஸ்டையும் எடுத்து ஆதார், பேங்க் பாஸ்புக், யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. நாமினேஷன் போட்டிருக்கான்னு பாருங்க, வேலைல இருக்கும்போதே ஒருத்தர் இறந்துட்டா பி.எஃப். பணத்தோட இன்ஷூரன்ஸும் குடும்பத்துக்கு வரும், அது 7 லட்சம் வரைக்கும் போகும், நாமினி இல்லன்னா அந்தக் குடும்பம் வாரிசு சான்றிதழுக்கு நாயா அலையும். இ.எஸ்.ஐ.க்கு சம்பளத்துல புடிக்கிறது 0.75 சதவீதம், வேலை குடுக்குறவங்க போடுறது 3.25 சதவீதம், பி.எஃப்.க்கு தொழிலாளிகிட்ட புடிக்கிறது 12 சதவீதம். ஒப்பந்ததாரர் பில் வைக்கும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுன சலானை மட்டும் பாத்து பாஸ் பண்ணிடாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்குற பேர் லிஸ்ட்டையும் மஸ்டரையும் சேத்துப் பாருங்க, மஸ்டர்ல 60 பேர் இருந்து சலான்ல 48 பேருக்குத்தான் கட்டியிருந்தா அந்த 12 பேரைக் கண்டுபிடிக்க வேற ஆளு கிடையாது, நீங்கதான். ஒப்பந்ததாரர் கட்டலன்னா, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை வேலையளிப்பவர்ங்கற முறையில கடைசியில நகராட்சி தலைலதான் வந்து விழும்.

சொந்தக்காரங்க கேட்டா "ஆமா, ஊரு குப்பைக்கு கணக்கு எழுதுறேன்"னு சொல்லுங்க தம்பி, அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல.

கேள்வி: நான் அவுட்சோர்சிங்ல டேட்டா என்ட்ரி பண்றேன். தினமும் எவ்ளோ குப்பை வந்துச்சுன்னு ஏத்தணும். ஆனா எடையே போடறதில்ல, மேற்பார்வையாளர் போன்ல ஒரு நம்பர் சொல்வாரு, பெரும்பாலும் நேத்து போட்ட அதே நம்பர்தான். எனக்குத் தப்புன்னு தெரியுது, எதுத்துப் பேசினா வேலை போயிடுமோன்னு பயம்.
(ஒரு வாசகி, நாமக்கல் பக்கம்)

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா, அதனால சண்டை போடுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நம்பர் ஏன் முக்கியம்னு தெரிஞ்சா எப்படிப் பேசுறதுன்னு உங்களுக்கே வழி தெரியும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் உங்க ஊர் ரோட்டைப் பாத்திருப்பீங்க, உடைச்ச பூசணிக்காய், வாழைக்கன்னு, மாலை, பொரின்னு மலையா கெடக்கும். போகிக்கு மறுநாள் பழைய பாய், தலைகாணி, கிழிஞ்ச துணி. ஐப்பசி மழைல அதே குப்பை தண்ணி குடிச்சு எடை ஏறி வரும். இந்த நாள்ல எல்லாம் நோட்டுல அதே 4,200 கிலோன்னு இருந்தா, தணிக்கைக்கு வர்றவரு ரெண்டு பக்கம் புரட்டுனதுமே இது வீட்ல உக்காந்து எழுதுனதுன்னு புடிச்சிடுவாரு.

உரக் கணக்கும் அப்படித்தான். மக்கும் குப்பை நூறு கிலோ தொட்டில போட்டா தண்ணியும் காத்துமா போனது போக கையில கிடைக்கிற உரம் சுமாரா இருபது கிலோதான், அதுவும் ஒரு மாசம் ஒன்றரை மாசம் கழிச்சு. நான் பாத்த ஒரு நோட்டுல காலைல வந்த மக்கும் குப்பை 1,000 கிலோ, அன்னைக்கே எடுத்த உரம் 800 கிலோன்னு எழுதியிருந்துச்சு, எழுதுனவங்க ஒரு நாளும் அந்த உரத் தொட்டியைப் போய் பாத்ததே இல்ல.

இதெல்லாம் யாரு தலைல விடியுதுன்னா வண்டி தள்ளுறவங்க தலைல. ஊரு பக்கத்துல நாலு புது நகர் வந்திருக்கும், குப்பை கூடியிருக்கும், நோட்டுல பழைய எடையே இருக்கறதால "அதே குப்பைதானே, ஆள் எதுக்கு, வண்டி எதுக்கு"ன்னு கேட்டு ஃபைல் திரும்பி வரும். 2016ல வந்த திடக்கழிவு விதிலயே உள்ளாட்சி வருஷா வருஷம் படிவம் 4ல மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஜூன் 30க்குள்ள அறிக்கை அனுப்பணும்னு சொல்லியிருந்தாங்க, அந்த அறிக்கைல போற எண்ணெல்லாம் நீங்க தட்டுற அந்தக் கட்டத்துல இருந்து கூட்டிப் போறதுதான்.

இப்படிப் பண்ணிப் பாருங்க. மேற்பார்வையாளர்கிட்ட "சார், ட்ரிப் ஷீட்ல எழுதி கையெழுத்து போட்டு குடுங்க, நாளைக்கு கேள்வி வந்தா உங்களுக்கும் சேஃப்"னு பணிவா கேளுங்க, நிறைய பேருக்கு அந்த 'சேஃப்'ங்கற வார்த்தை வேலை செய்யும். எடை மெஷின் ரிப்பேர்னா அந்த நாளுக்கு குறிப்பு கட்டத்துல "எடை போடவில்லை, மதிப்பீடு"ன்னு போடுங்க. மதிப்பீட்டுக்கும் ஒரு முறை இருக்கு, ஒவ்வொரு வண்டியையும் காலியா ஒரு தடவை வே பிரிட்ஜ்ல (வண்டியோட எடை போடுற மேடைல) ஏத்தி எடை எடுத்து வெச்சுக்கணும், அப்புறம் ஒரு வாரம் நிரம்பி வர்றப்ப ஏத்தி எடுத்து கழிச்சு சராசரி பாக்கணும், அதுக்கப்புறம் எத்தனை நடைன்னு எண்ணினாலே நெருக்கமா வந்துடும். மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி திரும்பப் பாத்துக்கணும், அவ்ளோதான்.

கேள்வி: வீட்ல நாங்க மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு கஷ்டப்பட்டு பிரிச்சுக் குடுக்குறோம், வண்டில ஒண்ணா கொட்டிடறாங்க. புகார் குடுத்தா அது எங்க போகுதுன்னே தெரியல.
(ஒரு இல்லத்தரசி, திருநெல்வேலி)

பதில்: உங்க வருத்தம் நூத்துக்கு நூறு சரி. புகார் எங்க போகுதுன்னா, பதிவேட்ல ஒரு நம்பர் விழும், வார்டு பாத்து அந்த ஆய்வாளருக்குப் போகும். "குப்பையை கலக்குறாங்க"ன்னு மொட்டையா இருந்தா அவரு "சம்பந்தப்பட்டோருக்கு அறிவுறுத்தப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதி முடிச்சிடுவாரு, அந்த வரியை நானே எத்தனையோ வாட்டி ஏத்தியிருக்கேன். தெரு பேரு, தேதி, நேரம், வண்டி நம்பர், வண்டில தடுப்பு இருந்துச்சா இல்லையான்னு எழுதுங்க. பாதி எடத்துல வண்டில தடுப்பே உடைஞ்சிருக்கும், பணியாளரைத் திட்டி பிரயோஜனம் இல்ல, வண்டியை சரி பண்ணணும், உங்க புகார்ல அது இருந்தா ரிப்பேர் ஃபைல் போட எங்களுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். புகார் நம்பரை கேட்டு வாங்கிக்கோங்க. பதிலே வரலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட உங்க வார்டு புகார் பதிவேட்டை நேர்ல பாக்க அனுமதி கேளுங்க, நகல் மட்டும்தான் கேக்க முடியும்னு இல்ல, போய் உக்காந்து பாக்கவும் உரிமை இருக்கு, 30 நாள்ல பதில் குடுத்தாகணும்.

கேள்வி: நாங்க எட்டு பேர் உரக்கிடங்குல பிளாஸ்டிக் பிரிக்கிறோம். வித்த காசை எங்களுக்கு பிரிச்சுக் குடுப்போம்னு சொன்னாங்க, குடுக்கவும் செய்யறாங்க, ஆனா மாசா மாசம் ஏன் கொறையுதுன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.
(தூய்மைப் பணியாளர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அக்கா, காயலான் கடை ரேட்டு ஏறி எறங்கும், அதனால கொறஞ்சதை வெச்சே யாரையும் சந்தேகப்பட வேண்டாம், ஆனா கணக்கைக் கேக்குறது உங்க உரிமை. விற்பனை நோட்டுன்னு ஒண்ணு இருக்கணும், அதுல தேதி, பொருள், எடை, கிலோ ரேட்டு, கடை பில் நம்பர், அப்புறம் உங்க ஆளு ஒருத்தரோட கையெழுத்து. "பிளாஸ்டிக் 90 கிலோ"ன்னு மொத்தமா எழுதியிருந்தா அங்கதான் உங்க காசு கொறையும். தண்ணி பாட்டில் ஒரு ஜாதி, அதோட மூடி வேற ஜாதி பிளாஸ்டிக், கழுவி காய வெச்ச பால் கவர் ஒரு ரேட்டு, எண்ணெய் பிசுக்கோட இருந்தா வேற ரேட்டு, எல்லாத்தையும் ஒண்ணா போட்டா கடைக்காரர் இருக்குறதுலயே கம்மி ரேட்டைத்தான் போடுவாரு. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர் எல்லாம் காயலான் கடைல எடுக்க மாட்டாங்க, சிமென்ட் ஆலைக்கு எரிக்கத்தான் போகும், அதுக்கு காசு வரலன்னாலும் எடை எழுதச் சொல்லுங்க, அதையும் பிரிச்சது உங்க எட்டு பேரு கைதான். அடுத்த லோடு ஏத்துறப்ப ரெண்டு பேர் தராசு பக்கத்துல நில்லுங்க, முள்ளு நிக்கிற எடத்தை போன்ல போட்டோ எடுங்க, எழுதி முடிச்சதும் கிளார்க்கை சத்தமா படிச்சுக் காட்டச் சொல்லி கேட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.