ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்துகளை மாற்றினால் ஃபைலே மாறிவிடுமா?

பழைய ஃபைல்கள் சில திறக்கவில்லை, பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்று மாற்றி வைத்தால் திறக்குமா, எதை எதில் திறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் மாற்றியும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, பழைய பெயரையே திரும்ப வைத்துவிடுங்கள். பெயரை மாற்றியதால் உள்ளே ஒன்றும் கெட்டிருக்காது. ஆனால் எதிலாவது திறந்து பார்த்துவிட்டு மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக டிடிபி கடை, அதாவது கணினியில் எழுத்து அடித்துப் பக்கம் கட்டித் தரும் கடை, நடத்துகிறேன். ஐந்தாறு வருடம் முன்பு ஓர் அம்மா ஒரு பென் டிரைவும், கீறல் விழுந்த ஒரு சிடியும் கொண்டுவந்தார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தங்கள் ஊர் ஏரி, மடை, வாய்க்கால்கள் பற்றி 140 பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதி 2003இல் சொந்தச் செலவில் அச்சடித்திருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஊர் ஊராகப் போய் விசாரித்து, திருத்தங்களைக் கணினியிலேயே ஏற்ற வைத்திருக்கிறார். இரண்டாம் பதிப்பு வருவதற்குள் இறந்துவிட்டார். அந்தத் திருத்தங்கள் வேறு எங்கும் இல்லை.

பென் டிரைவில் ஒன்பது ஃபைல், எல்லாமே பிடிஎஃப் என்று முடிந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஏற்கெனவே போன ஒரு கடையில், ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

நான் முதலில் செய்தது, ஒவ்வொரு ஃபைலுக்கும் நகல் எடுத்து, அந்த நகலை நோட்பேடில் திறந்தது. உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரி சதவீதக் குறியோடும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடும் தொடங்கும். பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் ஃபைல் பிகே என்று தொடங்கும். அதை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. 2007இல் வந்த வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலும் உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான், அதனால் அதுவும் பிகே என்றே தொடங்கும். இந்த ஒன்பதில் எதுவும் அப்படித் தொடங்கவில்லை. அப்படியானால் இவை பிடிஎஃப்பே இல்லை, யாரோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேட்டபோது, வீட்டில் ஒருவர் ‘கன்வர்ட்’ செய்து தந்ததாகச் சொன்னார்.

சிடியின் காகித உறையில் விடை இருந்தது. ஆசிரியரின் கையெழுத்தில் ‘அத். 1, பி65’ என்று தொடங்கி ஒன்பது வரி. பி65 என்றால், புத்தகப் பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5. என் வயதுக்காரர்களுக்கு அது பழகிய பெயர். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது, பிறகு அடோபி கைக்குப் போனது, 2001இல் வந்த 7தான் கடைசிப் பதிப்பு. தமிழில் எத்தனையோ புத்தகங்கள் அதில் பக்கம் கட்டப்பட்டவை.

கடையில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை நெட் இணைப்பு இல்லாமல் இதற்காகவே வைத்திருக்கிறேன். நகலின் பெயரை பி65 என்று திருப்பி மாற்றி, பேஜ்மேக்கர் 7இல் திறந்தேன். இந்த ஃபான்ட்கள் இல்லை என்று ஒரு பட்டியல் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. திறக்கிறது, ஃபான்ட்தான் இல்லை என்று அர்த்தம். பாமினி ஃபான்ட்டை ஏற்றியதும், ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்த பக்கம் முழுக்கத் தமிழாக மாறியது. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

அது ஏன் குப்பையாகத் தெரிந்தது என்பதும் உங்கள் கேள்வியோடு சேர்ந்ததுதான். பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் ‘அம்மா’ என்று தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தருகிற யூனிகோடில் ‘அ’வுக்கு 2949 என்று சொந்த எண் இருக்கிறது, ஃபான்ட் மாறினாலும் ‘அ’ ‘அ’வாகவே இருக்கும். ஆக ஒரு ஃபைலைப் படிக்க மூன்று பொருத்தம் வேண்டும்: பெயர் ஒட்டு (பெயரின் கடைசியில் இருக்கும் எழுத்துகள்), திறக்கும் மென்பொருள், ஃபான்ட். பெயர் ஒட்டு என்பது டப்பா மேல் ஒட்டிய சீட்டு போல. துவரம்பருப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் காபி இனிக்காது. இரண்டு தடவை கிளிக் செய்யும்போது விண்டோஸ் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எந்த மென்பொருளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது.

அந்தச் சீட்டையே விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். சீட்டைப் பார்க்கும் பழக்கம் ஏமாறாமல் இருக்கவும் உதவும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைலை அனுப்பிப் பணத்தைத் திருடுகிறார்கள். ஏபிகே என்பது செயலியை நிறுவும் ஃபைல், எந்தப் பத்திரிகையும் அப்படி வராது.

கணினி படித்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, லினக்ஸில் பெயர் ஒட்டே தேவையில்லை, நோட்பேடில் பார்ப்பது முறையல்ல, அதற்கென்று கருவிகள் இருக்கின்றன என்று சொல்லலாம். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தானே பதில் சொல்ல முடியும்? பேஜ்மேக்கர் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்க்கலாம், அது இலவசம். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், எழுத்துகள் கிடைத்துவிடும். நான் எதையும் விற்க இதை எழுதவில்லை.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். ஒன்பதில் எட்டுதான் திறந்தது. ஆறாவது அத்தியாயத்தை யாரோ வேர்டில் திறந்து, குறிகளாகத் தெரிந்ததை அப்படியே சேமித்திருக்கிறார்கள். ஒரு கிளிக்தான். பேஜ்மேக்கர் ஃபைலின் கட்டமைப்பு முழுவதும் போய்விட்டது. சிடியிலும் அந்தப் பகுதி படிக்கவில்லை. மடைகளின் பெயர்ப் பட்டியல் அதில்தான் இருந்தது. 2003 அச்சுப் புத்தகத்தைப் பார்த்து நான் திரும்ப அடித்துக் கொடுத்தேன். ஆனால் அவர் மூன்று வருடம் அலைந்து சேர்த்த திருத்தங்கள் அந்த அத்தியாயத்தில் இல்லை.

படங்களும் போயின. பேஜ்மேக்கரில் பெரிய படத்தைச் சேர்க்கும்போது, முழுப் படத்தையும் ஃபைலுக்குள் வைக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் மங்கலான ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு, அசல் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளும். அசல் டிஃப் படங்கள் அப்போது வேலை செய்த கடையின் கணினியில்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கடை எது என்று தேடினோம். புத்தகத்தின் முன்பக்கத்தில் அட்டை வடிவமைப்பு யார், அச்சகம் எது, விலை என்ன என்றெல்லாம் இருக்கிறது. ஒளியச்சு யார், அதாவது கணினியில் எழுத்து அடித்துப் பக்கம் கட்டியது யார் என்று இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. முன்பெல்லாம் ‘ஒளியச்சு’ என்று ஒரு வரி போடுவார்கள். நான் பக்கம் கட்டிய புத்தகங்களிலேயே பலவற்றில் என் கடைப் பெயர் இல்லை. இடம் இல்லை என்கிறார்கள். ஒரு வரிக்கு இடம் இல்லையா? ஒற்றுப்பிழை பார்த்து, சந்தி பார்த்து, இரவு இரண்டு மணி வரை திருத்தம் போடுகிறவர் அந்தப் புத்தகத்தில் வேலை செய்தவர் இல்லையா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் படங்களைத் தேடிப் போக ஒரு முகவரி கிடைத்திருக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எழுத்துகளை வெளியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றி, ப்ரூஃப் பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த அம்மாவிடம் கொடுத்த பென் டிரைவில் நான்கு ஃபோல்டர் வைத்தேன். ஒன்றில் பழைய பி65 ஃபைல்கள், தொடாமல் அப்படியே. ஒன்றில் பாமினி ஃபான்ட். ஒன்றில் யூனிகோடில் டாக்எக்ஸ். கடைசியில் பிடிஎஃப், இந்தத் தடவை உண்மையான பிடிஎஃப். எது எதில் திறக்கும் என்று ஒரு தாளில் எழுதி, கீழே என் கடைப் பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுதி உறைக்குள் வைத்துக் கொடுத்தேன்.