நண்பனிடம் சொன்ன ரகசியம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குச் சகமாணவர் ஆதரவுப் பயிற்சி கொடுக்கப்போகிறார்கள். மனக்கஷ்டத்தில் இருக்கும் பிள்ளையிடம் பேச அவர்களைத் தயார்செய்வதாம். நன்றாகப் படிக்கிற, பொறுப்பான பிள்ளைகளாகப் பத்துப் பேரைத் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொருவர் பாரத்தை ஏற்றலாமா?

எஸ்., ஆசிரியை

அன்புள்ள எஸ்.,

பாரம் ஏற்கெனவே அந்தத் தலையில்தான் இருக்கிறது. 10 முதல் 19 வயதினரில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலச் சிக்கலோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வயதில் முதலில் தேடிப்போவது நண்பனைத்தான். பல நேரம் அதோடு சரி. நாம் பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பேச்சு நடக்கும், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்ற நிபந்தனையோடு.

ஆனால் உங்கள் பயம் வீண் பயமல்ல. அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே வருத்தத்தைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பேசும் சிநேகிதர்களுக்குள் நெருக்கம் அதிகம்; மனச்சோர்வும் பதற்றமும்கூட அதிகம். "நன்றாகக் காதுகொடுத்துக் கேள்" என்று மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பினால் இதைத்தான் வளர்ப்போம்.

அதனால் பயிற்சியில் பாதி நேரமாவது, விஷயத்தைப் பெரியவரிடம் கொண்டுசேர்ப்பதற்குப் போகவேண்டும். பெட்டி கிச்சனரும் அந்தோணி ஜோர்மும் 2000இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சிக்குப் பதின்பருவத்தினருக்கான வடிவம் ஒன்று உண்டு. அதிலும் முக்கியப் பாடம் இதுதான். "இதை என்னால ரகசியமா வெச்சுக்க முடியாது. வா, ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்." படிக்க எளிய வரி. ஜோடியாக உட்காரவைத்து நடிக்கச் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவன் "அப்ப நீ ஃப்ரெண்டே இல்ல" என்றதும் வரி தொண்டையிலேயே நின்றுவிடும். அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி பழக்கவேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவுப் பேச்சு, வீட்டில் அடி, யாராவது தவறாகத் தொடுவது — இவற்றில் ரகசியம் கிடையாது என்பது அந்தப் பத்துப் பேருக்கு மட்டுமல்ல, மொத்தப் பள்ளிக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். அவர்களில் பலர் அறிவுரை சொல்லவே பிறந்தவர்கள். (எழுத்தாளர்களும் அந்த ரகம்தான்.) "மனசு சரியில்லேன்னா இந்த வகுப்புல யார்கிட்ட பேசுவே?" என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதுபவர் தன் பெயரைப் போடவேண்டாம். ஆசிரியர் அறையில் நல்ல பெயர் வாங்காத சிலர் அதில் வருவார்கள். அவர்களையும் சேருங்கள்.

திட்டம் போட்டவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு பிள்ளை தன் நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது எந்தப் பெரியவர், எங்கே இருப்பார்? பயிற்சி பெற்ற பிள்ளைகளையே வாரம் ஒருமுறை உட்காரவைத்து "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கப்போவது யார்? இரண்டுக்கும் பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால், தெரியும்வரை பத்துப் பேரைத் தராதீர்கள்.