போஸ்டர் வைக்கும் முன் மனு போட்டாச்சா?

கேள்வி: சிஎச்ஓ செல்லில் (சீன வெள்ளெலியின் சூலகச் செல்) புரத விளைச்சலைக் கூட்ட ஒரு வெக்டர் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ) செய்திருக்கிறேன். ஐரோப்பாவில் நடக்கும் எசாக்ட் (ஐரோப்பிய விலங்குச் செல் தொழில்நுட்பச் சங்கம்) மாநாட்டில் போஸ்டர் வைத்தால் காப்புரிமை போய்விடும் என்கிறார் நண்பர். ஒரு வருஷம் அவகாசம் உண்டு என்கிறார் காப்புரிமை ஏஜென்ட். யாரை நம்புவது?

பதில்: நண்பரை. ஐரோப்பாவில் நீங்களே வெளியே சொன்னதும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். அதிலும் கணக்கு போஸ்டர் ஒட்டும் நாள் இல்லை, அதற்கு முன்பே நீங்கள் அனுப்பும் சுருக்கம் வெளியாகும் நாள். என்னிடம் வந்த ஒரு மாணவி முந்தின நாள் மனு போட்டுவிட்டு நிம்மதியாக விமானம் ஏறினார். ஆனால் சுருக்கத் தொகுப்பு பத்து நாள் முன்பே இணையத்தில் ஏறியிருந்தது, ப்ரொமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ துண்டு) பெயர் உட்பட.

ஏஜென்ட் சொல்வது முழுப் பொய்யில்லை, அதுதான் வம்பு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, கண்டுபிடித்தவர் ஓர் அறிஞர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தாலோ, அவர் சம்மதத்தோடு அது சங்கத்தின் ஏட்டில் வந்தாலோ, 12 மாதத்துக்குள் மனு போடலாம். சரி, சுவரில் ஒட்டிய போஸ்டர் 'வாசித்த' கட்டுரையா? கூட்டம் நடத்தியது உண்மையில் சங்கமா, ஹோட்டல் அறை பிடித்து வசூல் செய்யும் கம்பெனியா? இதையெல்லாம் வாதாடும் செலவு உங்களுடையது, ஏஜென்ட்டுடையது இல்லை. ஜெயித்தாலும் அந்தச் சலுகை இந்தியாவுக்கு மட்டும்தான். அமெரிக்காவில் தனியாக ஒரு வருஷ அவகாசம் இருக்கிறது.

ஹோட்டல் என்றதும் சொல்லிவிடுகிறேன். "மாண்புமிகு பேராசிரியரே, நீங்கள் எங்கள் சிறப்புப் பேச்சாளர்" என்று பிஎச்.டி. முடிக்காதவருக்கே மெயில் வரும், மூன்று நாளில் டாலரில் கட்டணம் கட்டச் சொல்லி. அதே ஹோட்டலில் அதே நாளில் பல் மருத்துவத்துக்கும் சிவில் இன்ஜினியரிங்குக்கும் மாநாடு போட்டிருப்பார்கள். உங்கள் சுருக்கத்தை அங்கே ஒருவரும் படிக்கப்போவதில்லை, ஆனால் இணையத்தில் மட்டும் தவறாமல் ஏற்றிவிடுவார்கள். பணமும் போச்சு, காப்புரிமையும் போச்சு. எசாக்ட் அந்த ரகமில்லை. 1976இல் தொடங்கிய சங்கம், வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூடும், 2022இல் லிஸ்பன், 2024இல் எடின்பரோ. பெயரை லேசாக மாற்றி வரும் மெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, சுருக்கத்தை அனுப்பும் முன் ப்ரொவிஷனல் மனு, அதாவது தேதியைப் பிடித்துவைக்கும் முதல் மனு. தனிநபர் இணையத்தில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், மீதி எழுதித் தருபவரின் கூலி. அதற்காகத் தலைப்பும் நாலு வரியும் போட்டு ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. வெக்டரின் வரிசை, எந்தத் துண்டு எங்கே, விளைச்சல் எவ்வளவு கூடியது, எல்லாம் அதில் இருக்க வேண்டும், இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது. 12 மாதத்துக்குள் முழு மனு.

உங்கள் கல்லூரியில் இதற்கு ஒரு கமிட்டி இருக்கும், அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும், கூடினால். நடுவில் பதிவாளர் லீவு, கோப்பு யார் மேஜையில் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் முன்பே கொடுத்து வையுங்கள். கடைசித் தேதி வரைக்கும் கையெழுத்து வரவில்லையா, சுருக்கத்தில் விளைச்சல் எண்களை மட்டும் எழுதுங்கள். வெக்டரைப் பற்றி ஒரு வரி வேண்டாம், வழிகாட்டி கேட்டாலும்.